பிள்ளையைப் பிடித்துக் கொடுக்கவா, ஒளித்து வைக்கவா?

வடமராட்சியின் கரையோரக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு தாய் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

கணவர் கடற்றொழில் செய்தவர், இப்போது உயிருடன் இல்லை. மூத்த மகள் கலியாணம் முடித்து வேறு மாவட்டத்தில் இருக்கிறார். வீட்டில் இவரும் 22 வயது மகனும்தான். உயர்தரம் எழுதிவிட்டுச் சம்மாட்டி ஒருவரின் படகில் தொழிலுக்குப் போய்வந்த பிள்ளை. கடந்த மாரிக்குப் பிறகு ஆள் மாறிவிட்டான். இரண்டு இரவு கண்மூடாமல் இருப்பான், பிறகு ஒரு பகலும் இரவும் எழும்பாமல் கிடப்பான். சாப்பாடு இறங்குவதில்லை. பல்லை நறநறவென்று கடிக்கிறான். மதிலுக்கு அந்தப் பக்கம் ஆரோ நிற்கினம் என்று நடுச்சாமத்தில் ரோச் அடித்துப் பார்க்கிறான்.

ஒருநாள் அறையைக் கூட்டும்போது கட்டிலுக்கடியில் ஒரு சோடாப் போத்தல் இருந்திருக்கிறது. மூடியில் துளை போட்டு உறிஞ்சுகுழாய் செருகியிருக்கிறது. பக்கத்தில் கருகின ஈயத்தாளும் லைற்றரும். மேல் தட்டில் இருந்த பனங்கட்டிக் குட்டானுக்குள் சின்னப் பொலித்தீன் பைகள் ஏழு, உள்ளே “கற்கண்டு நொறுக்கினமாதிரி” ஒன்று. கேட்டபோது மகன் அழுதபடி சொன்னானாம்: “அது என்ர இல்லையம்மா. ஒரு அண்ணா வச்சிருக்கச் சொன்னவர். ஆக்கள் வந்தாக் குடுக்கிறது மட்டும்தான் என்ர வேலை. ஒரு சதம் காசு வாங்கேல்லை.” காசுக்குப் பதிலாக அவனுடைய பாவனைக்கு வேண்டியதை அந்த ‘அண்ணா’ கொடுக்கிறார்.

தாய் அன்று இரவே ஏழு பைகளையும் தன் அக்கா வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பரணில் ஒளித்துவைத்துவிட்டார். இப்போது அந்த ‘அண்ணா’ ஓயாமல் தொலைபேசியில் கூப்பிடுகிறார். உறவினர்கள் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். பொலிஸில் பிடித்துக் கொடு, கந்தகாட்டுப் புனர்வாழ்வு மையத்துக்கு அனுப்பித் திருத்தி விடுவினம் என்கிறார் மாமன். பிரான்ஸில் இருக்கும் தம்பி, ஏஜென்சிக்குக் காசு அனுப்புகிறேன், பிள்ளையை வெளியே எடுப்போம் என்கிறார். அக்காவின் கணவர் ஒரு கால்கட்டுப் போட்டால் சரி என்கிறார். “பிடிச்சுக் குடுக்கவோ, ஒளிச்சு வைக்கவோ? முதல் தரம்தானே, தண்டத்தோட விட்டிடுவினமோ?” என்று கடிதம் முடிகிறது.

அம்மா, உங்கள் கேள்வியில் இரண்டு வழிதான் இருக்கிறது. மூன்றாவது வழி ஒன்று உண்டு. உங்கள் மகன் இன்றைக்கு ஒரு நோயாளி. அவன் மீது வழக்கில்லை, அவன் சந்தேகநபரும் இல்லை. இந்த நிலை எத்தனை நாளைக்கு இருக்கும் என்று யாரும் சொல்ல முடியாது. இருக்கும்போதே அவனை வைத்தியரிடம் சேர்க்க வேண்டும். பைகளைப் பற்றி ஒரு சட்டத்தரணியிடம் நேரில் பேச வேண்டும். இரண்டையும் ஒரே கிழமைக்குள் செய்யுங்கள். ஏன் இவ்வளவு அவசரம் என்பதைத்தான் கீழே சொல்கிறேன்.

ஏழு பைகளும் சட்டமும்

நீங்கள் விவரிப்பதை வைத்துப் பார்த்தால் அது ‘ஐஸ்’ என்கிற மெத்தம்பெற்றமைன் ஆக இருக்கலாம். நஞ்சுகள், அபின் மற்றும் அபாயகர ஔடதங்கள் கட்டளைச் சட்டம் 1929இல் வந்தது. 1984இல் அதைத் திருத்தியபோது ஹெரோயின் 2 கிராமோ அதற்கு மேலோ வைத்திருந்தாலே மரண தண்டனை அல்லது ஆயுள் தண்டனை என்று ஆக்கினார்கள். 2022இன் 41ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் ஐஸையும் அந்த வரிசையில் சேர்த்தது. அதற்கு எல்லை 5 கிராம். ஒரு தேக்கரண்டிச் சீனியின் எடை கிட்டத்தட்ட அவ்வளவுதான். 1976க்குப் பிறகு இலங்கையில் யாரையும் தூக்கிலிடவில்லை என்பது உண்மை. ஆனால் தீர்ப்பு எழுதப்படுகிறது. அதன் பொருள் வாழ்வின் பெரும்பகுதி சிறையில் என்பதே. 5 கிராமுக்குக் குறைந்தாலும் வழக்கு வழக்குத்தான்.

“ஒரு சதம் வாங்கேல்லை” என்று உங்கள் மகன் சொன்னதை நான் நம்புகிறேன். ஆனால் இந்தச் சட்டத்தில் அது அவனைக் காப்பாற்றாது. விற்பது மட்டும் கடத்தல் இல்லை. கொடுப்பது, பெற்றுத்தருவது, களஞ்சியப்படுத்துவது, ஏற்றிச்செல்வது, அனுப்புவது, விநியோகிப்பது, இவற்றைச் செய்ய முன்வருவது எல்லாமே கடத்தல் என்றுதான் சட்டம் வரையறுக்கிறது. சிநேகிதனுக்கு இலவசமாக ஒரு பையை நீட்டினாலும் அதற்குள் வரும். தனித்தனியாகக் கட்டிய ஏழு பைகளைப் பார்க்கும் பொலிஸ் அதிகாரி, இது சொந்தப் பாவனைக்கு வைத்திருந்தது என்று நினைக்கமாட்டார்.

இதே காரணத்தால் உங்கள் அக்காவைப் பற்றிப் பேசியே ஆகவேண்டும். பிள்ளையைக் காப்பாற்ற நினைத்துத்தான் செய்தீர்கள். எந்தத் தாயும் அந்த இரவில் அப்படித்தான் செய்திருப்பார். ஆனால் பைகளை வீட்டிலிருந்து வீட்டுக்குக் கொண்டுபோனது நீங்கள். இப்போது தெரிந்துகொண்டே வைத்திருப்பவர் உங்கள் அக்கா. இருவரும் சட்டத்தின் கைக்கெட்டும் தூரத்தில் நிற்கிறீர்கள். தயவுசெய்து அதைத் திரும்பவும் இடம் மாற்றாதீர்கள். நிறுத்துப் பார்க்காதீர்கள், பிரித்துப் பார்க்காதீர்கள். ‘அண்ணா’விடமே திருப்பிக் கொடுத்துவிட்டால் தொல்லை விட்டது என்று தோன்றும். அதுவும் சட்டப்படி விநியோகம்தான், வழியில் மறித்தால் கையோடு பிடிபடுவீர்கள். கடலில் வீசுவதோ எரிப்பதோ சான்றை அழித்த குற்றமாகலாம்.

அப்படியானால் என்னதான் செய்வது? குற்றவியல் வழக்குகள் பேசும் சட்டத்தரணி ஒருவரிடம் நாளைக்கே போங்கள், பைகளை எடுத்துக்கொண்டு போகவேண்டாம். நடந்ததை அப்படியே சொல்லுங்கள். நடந்து முடிந்த ஒன்றைப் பற்றி ஆலோசனை கேட்டுச் சட்டத்தரணியிடம் சொல்வதை அவர் வெளியிட முடியாது. 1895ஆம் ஆண்டின் சான்றுக் கட்டளைச் சட்டம் அந்த இரகசியத்தைப் பாதுகாக்கிறது. எந்த அதிகாரியிடம், என்ன எழுத்துப் பதிவோடு, யார் முன்னிலையில் ஒப்படைப்பது என்பதை அவர் உங்களோடு இருந்து முடிவு செய்வார். அதில் ஆபத்தே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். பரணில் வைத்துக்கொண்டு நாளை எண்ணுவதைவிட ஆபத்துக் குறைவு. வசதி இல்லையென்றால் சட்ட உதவி ஆணைக்குழுவின் யாழ்ப்பாண அலுவலகத்தைக் கேளுங்கள்.

முதல் தரம் என்பதால் தண்டத்தோடு விடுவார்கள் என்ற பேச்சு எங்கிருந்து வருகிறது என்று தெரிகிறது. கொஞ்சக் கஞ்சாவோடு பிடிபட்டவர்கள் நீதவான் நீதிமன்றத்தில் தண்டம் கட்டிவிட்டு வீட்டுக்கு வருவதை ஊரில் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். அதை வைத்துத் தூள் என்கிற ஹெரோயினையும் ஐஸையும் அளக்கக் கூடாது. கடலால் கிலோக்கணக்கில் வரும் கஞ்சாவையே அப்படி அளக்க முடியாது. ஐஸ் வைத்திருந்ததாகவோ கடத்தியதாகவோ குற்றம் சாட்டினால் நீதவானால் பிணை கொடுக்க முடியாது. மேல் நீதிமன்றம்தான், அதுவும் விதிவிலக்கான காரணம் காட்டினால்தான் கொடுக்கும். அரச பகுப்பாய்வாளரின் அறிக்கைப்படி தூய அளவு 10 கிராமோ அதற்கு மேலோ என்றால் மேன்முறையீட்டு நீதிமன்றம்வரை போக வேண்டும். அந்த அறிக்கைக்கே காத்திருக்க வேண்டியிருக்கும். காத்திருக்கும் காலமெல்லாம் பிள்ளை விளக்கமறியலில்.

பிடித்துக் கொடுப்பது பற்றி

மாமன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. கண்முன்னே பிள்ளை கரைவதைப் பார்த்து, யாராவது பெரிய கை வந்து தூக்கி நிறுத்தட்டும் என்று ஏங்கும் குடும்பங்கள் இப்போது நிறைய. ஆனால் பையோடு பொலிஸுக்குப் போகிறவனைச் சந்தேகநபராகத்தான் எழுதுவார்கள். அதற்குப் பிறகு அவனுக்கு எப்போது, எங்கே சிகிச்சை என்பது உங்கள் கையில் இராது.

போதைக்கு அடிமையானவர்களின் சிகிச்சைக்கும் புனர்வாழ்வுக்கும் 2007இன் 54ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. தானாக விரும்பிச் சேரலாம். கட்டாயமாக அனுப்புவதென்றால் அரச வைத்தியரின் பரிசோதனையும் நீதவானின் கட்டளையும் வேண்டும். பொலிஸார் நினைத்த மாத்திரத்தில் ஏற்றி அனுப்பும் இடமல்ல அது. கந்தகாடு பொலன்னறுவையில், இராணுவத்தின் பங்களிப்போடு நடக்கும் மையம். 2022 ஜூனில் அங்கே தடுத்துவைக்கப்பட்டிருந்த ஒருவர் இறந்ததைத் தொடர்ந்து குழப்பம் வெடித்து, நூற்றுக்கணக்கானவர்கள் வேலியை உடைத்துக்கொண்டு வெளியேறினார்கள். அங்கே போய்த் தேறியவர்களும் இருக்கலாம். தன் விருப்பத்தோடு சிகிச்சைக்குப் போகக்கூடிய நிலையில் இருக்கும் பிள்ளைக்கு அதை முதல் வாசலாக நான் சொல்லமாட்டேன்.

நீங்கள் ஒன்றும் செய்யுமுன்னரே பொலிஸார் வாசலுக்கு வந்துவிட்டால்? ஓட விடாதீர்கள். எந்தப் பொலிஸ் நிலையம், அதிகாரியின் பெயர் என்ன என்று கேட்டு எழுதிவையுங்கள். உடனே சட்டத்தரணிக்குச் சொல்லுங்கள். பொலிஸ் நிலையத்துக்கே வந்து கட்சிக்காரருக்காகப் பேச 2012ஆம் ஆண்டின் விதிகள் சட்டத்தரணிக்கு இடம் தருகின்றன. பொலிஸ் அதிகாரியிடம் கொடுக்கும் குற்ற ஒப்புதலை நீதிமன்றத்தில் அவனுக்கு எதிராகப் பாவிக்க முடியாது. ஆனால் ‘இன்ன இடத்தில் ஒளித்திருக்கிறது’ என்று அவன் சொல்லி, அங்கே போய்ப் பொருளை எடுத்தால், அந்தக் கண்டுபிடிப்போடு தொடர்பான பகுதி சான்றாகும். உங்கள் அக்கா வீட்டை நினைத்துப் பாருங்கள்.

அடிப்பார்களோ என்ற பயத்தைக் கடிதத்தில் மூன்று இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். 2023 நவம்பரில் வட்டுக்கோட்டைப் பொலிஸார் கைதுசெய்த இளைஞர் ஒருவர் உயிரிழந்ததை யாழ்ப்பாணத்தில் எந்தத் தாயும் மறக்கவில்லை. பயப்படாதீர்கள் என்று உங்களிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் வழி இருக்கிறது. கைதானவரை நீதவானிடம் கொண்டுபோகும்போது உடம்பில் காயம் இருந்தால் அங்கேயே வாய்விட்டுச் சொல்ல வேண்டும், சட்ட வைத்திய அதிகாரியிடம் அனுப்பும்படி கேட்க வேண்டும். மனித உரிமைகள் ஆணைக்குழுவின் யாழ். பிராந்திய அலுவலகத்தில் முறையிடலாம், 1996 இலக்கத்திலும் கூப்பிடலாம். உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுப் போட ஒரு மாதம்தான் தவணை. பார்ப்போம் பார்ப்போம் என்று அந்த மாதத்தை விட்டுவிடக் கூடாது.

வைத்தியரிடம் போவது

சிகிச்சைக்குப் போவது குற்றமல்ல. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனால் வைத்தியர் பொலிஸுக்குச் சொல்லிவிடுவார் என்று நினைத்து எத்தனையோ பேர் வீட்டுக்குள் வைத்தே அழுகிறார்கள். நோயாளியின் இரகசியத்தைக் காப்பது வைத்தியரின் கடமை. யாழ். போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் உளமருத்துவப் பிரிவு இருக்கிறது. மந்திகை ஆதார வைத்தியசாலை உங்களுக்குக் கிட்ட என்றால் முதலில் அங்கே காட்டி, எங்கே அனுப்புவது என்று கேளுங்கள். பிரதேச செயலகத்தில் உளவளத்துணை உத்தியோகத்தர் இருப்பார், கதைக்கலாம். தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் 1927 இலக்கத்திலும் ஆலோசனை கேட்கலாம்.

நான் வைத்தியன் அல்ல. வழக்குகளுக்காக உளமருத்துவர்களோடு பேசியதில் தெரிந்துகொண்டதை மட்டும் சொல்கிறேன். ஹெரோயினை நிறுத்தினால் உடம்பு உளைவு, வாந்தி, வயிற்றோட்டம் வரும், அதற்கு மருந்து கொடுப்பார்கள். ஐஸ் அப்படியல்ல. நிறுத்தியதும் நாள்கணக்கில் தூங்குவான், அளவில்லாமல் பசிக்கும், பிறகு மனம் அடியோடு விழும். இனி எதற்கு இருக்க வேண்டும் என்ற நினைப்பு வருவது அந்த நாள்களில்தான். வெளியே பார்க்க, திருந்திவிட்டான், அமைதியாகிவிட்டான் என்று இருக்கும். அப்போது அவனைத் தனியே விடாதீர்கள். மதிலுக்கு அப்பால் ஆள் நிற்பதாகச் சொல்வதும் அந்தப் பொருள் மூளையில் செய்யும் வேலைதான். இல்லை என்று வாதாடாதீர்கள், பேயோட்டவும் கொண்டுபோகாதீர்கள். குரல் கேட்கிறது என்று சொன்னாலோ கத்தியைத் தூக்கினாலோ நேரம் பார்க்காமல் வைத்தியசாலையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள். மனநலத்துக்கான 1926 இலக்கத்தில் இரவிலும் ஆள் இருப்பார்கள். ஊசி போடுகிறானா என்பதையும் கையைப் பார்த்தாவது தெரிந்துகொள்ளுங்கள். அழுக்கான ஊசியால் கிருமி இரத்தத்தில் ஏறி இதய வால்வையே அரிக்கும். போட்டிருந்தால் வைத்தியரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

ஒருமுறை விட்டவன் திரும்பத் தொடுவது நடக்கக்கூடியது. அன்றைக்கு ‘எல்லாம் வீண்’ என்று கையை விரிக்காமல் அடுத்த கிளினிக்குக்குக் கூட்டிப்போங்கள். தங்கிச் சிகிச்சை பெற வேண்டும் என்று வைத்தியர் சொன்னால், அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் நிலையங்கள் தலங்கம, பேராதனை, நிட்டம்புவ, உணவட்டுன ஆகிய இடங்களில் இருக்கின்றன. அங்கே தமிழில் பேசி ஆற்றுப்படுத்த ஆள் உண்டா என்று சேர்க்குமுன் கேட்டுத் தெளியுங்கள். மொழி விளங்காத பிள்ளையிடம் ஆற்றுப்படுத்துநர் எதைப் பேசி எதை மாற்றுவது? தனியார் நிலையம் என்றால் அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்று பாருங்கள். சங்கிலியில் கட்டிவைக்கும் இடத்துக்கு எந்தக் காரணத்துக்காகவும் அனுப்பாதீர்கள்.

கால்கட்டுப் பேச்சை இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள். உங்கள் மகளுக்கு இப்படி ஒரு மாப்பிள்ளையை மறைத்துக் கட்டிவைத்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? ஒன்றும் தெரியாத ஒரு பெண்பிள்ளையை இவனுக்கு மருந்தாகக் கொடுக்க யாருக்கும் உரிமையில்லை. பிரான்ஸ் தம்பியின் அன்பு எனக்கு விளங்குகிறது. இந்த நிலையில் ஏஜென்சியை நம்பிப் புறப்படுகிறவன் நோயையும் கூடவே கொண்டுபோகிறான். வழியில் மாதக்கணக்கில் தெரியாத ஆட்களின் கையில் இருப்பான், அவர்களுக்கும் பொதி காவ ஆள் தேவை. ஏஜென்சிக்கு வைத்த காசைச் சிகிச்சைக்கும், நல்ல சட்டத்தரணிக்கும், அவன் எழும்பிய பிறகு ஒரு தொழிலுக்கும் அனுப்பச் சொல்லுங்கள்.

அந்த ‘அண்ணா’

உங்கள் மகன் கெட்டவர்களோடு சேர்ந்ததால் கெட்டான் என்று எழுதியிருக்கிறீர்கள். அது பாதிதான் உண்மை. அவனைத் தேடி வந்திருக்கிறார்கள் என்றே நினைக்கிறேன். வேதாரணியம், இராமேஸ்வரம் பக்கத்திலிருந்து நம் கரைக்குப் படகில் வர ஓர் இரவு போதும். ஆந்திர, ஒடிசா மலைப்பக்கத்தில் விளைவது அந்த வழியால்தான் கேரளக் கஞ்சா என்ற பெயரில் இங்கே இறங்குகிறது. ஹெரோயினும் ஐஸும் ஈரான், பாகிஸ்தான் கரையிலிருந்து ஆழ்கடலால் வந்து, நடுக்கடலில் பலநாள் படகுகளுக்குக் கைமாறுகின்றன. இவ்வளவு தூரம் வந்த பொருள் ஒழுங்கைக்குள் வர, கடல் தெரிந்த, கரை தெரிந்த, கையில் காசில்லாத பெடியன்கள் வேண்டும். மாதகலிலும் வெற்றிலைக்கேணியிலும் பொதிகள் பிடிபட்ட செய்திகளைப் படித்துப் பாருங்கள். பொதி மணலில் கிடக்கும், ஆள் தப்பியிருப்பார், அல்லது படகில் இருந்த பெடியன் பிடிபட்டிருப்பான். முதல் போட்டவரின் பெயர் அந்தச் செய்தியில் வருவது அரிது. காசு கொடுத்தால் பெடியன் ஒருநாள் விட்டுப் போய்விடுவான். பொருளாகக் கொடுத்தால் போகமாட்டான் என்று தெரிந்துதான் உங்கள் மகனுக்கும் அப்படிக் கொடுக்கிறார்கள்.

அதனால் அந்த ஆள் சும்மா இருக்கமாட்டார். பைகளின் பெறுமதியைக் கடன் என்று கேட்பார், வாசலுக்கும் வரலாம். அழைப்புகளையும் செய்திகளையும் அழிக்காமல் வையுங்கள், திகதியும் நேரமும் ஒரு கொப்பியில் எழுதுங்கள். நீங்களோ உங்கள் அக்காவின் கணவரோ அவரிடம் போய்ப் பேரம் பேச வேண்டாம். ஊர்ப் பொலிஸ் நிலையத்தில் அவருக்கு ஆள் இருப்பதாகச் சந்தேகப்படுகிறீர்கள். அப்படியானால் அங்கே போகவேண்டாம். சட்டத்தரணி மூலம் சிரேஷ்ட பொலிஸ் அத்தியட்சகருக்கோ கொழும்பில் உள்ள பொலிஸ் போதைப்பொருள் பணியகத்துக்கோ எழுத்தில் கொடுக்கலாம். குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களையும் சாட்சிகளையும் பாதுகாக்க 2023இன் 10ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. மிரட்டல் வந்தால் அதன் கீழ்ப் பாதுகாப்புக் கோரலாம். ஆனால் ‘அண்ணா’வின் பெயரைச் சொல்வதா, எப்போது சொல்வது என்பதை உங்கள் மகன் தன் சட்டத்தரணியோடு பேசித் தீர்மானிக்கட்டும். அவன் 22 வயது ஆள், பின்விளைவைத் தாங்கப்போகிறவனும் அவன்தான். முடியுமென்றால் சிகிச்சைக் காலத்தில் உங்கள் மகளின் வீட்டில் சில மாதம் இருக்கட்டும், பழைய சிம்மை விட்டுவிடட்டும். சிம்மைத் தூக்கி எறியவேண்டாம், அது சட்டத்தரணியிடம் இருக்கட்டும்.

நாளைக் காலை முதலில் சட்டத்தரணி. சிகிச்சை என்று தொடங்கும்போதே வைத்தியசாலைக் கிளினிக் கொப்பியையும் துண்டுகளையும் பத்திரமாக வையுங்கள். பிறகு எப்போதாவது நீதிமன்றத்துக்குப் போக நேர்ந்தால், கைதுக்கு முன்னரே தானாகச் சிகிச்சைக்குப் போனவன் என்று காட்ட அதுதான் கையில் இருக்கும். மகனிடம் இதையெல்லாம் அவன் தூங்கி எழும்பிச் சாப்பிட்ட பிறகு சொல்லுங்கள், இரண்டு நாள் விழித்திருக்கும் நேரத்தில் சொல்லாதீர்கள். தனியே சொல்லப் பயமாக இருந்தால் மகளை வரச்சொல்லுங்கள். அக்காவிடம் மட்டும் இன்றிரவே சொல்லிவிடுங்கள்: சட்டத்தரணியைக் கண்டு வரும்வரை அந்தப் பரணில் யாரும் கை வைக்கக் கூடாது.